சகலையும் சம்பந்தியும்: ஆளுநர் தாமஸ் ஹட்சின்சனின் குடும்பமும் வீழ்ச்சியும்

1772ஆம் ஆண்டில் பிரிட்டனின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் உயர்பதவி வகித்தவர்களின் பெயர்களை வரிசையாக எழுதினால், அரசாங்கப் பட்டியலைப் போல அல்லாமல் கல்யாணப் பத்திரிகையைப் போல இருக்கும். ஆளுநர் தாமஸ் ஹட்சின்சன். துணை ஆளுநர் ஆண்ட்ரூ ஆலிவர், அவருடைய சகலை. ஹட்சின்சனின் மனைவி மார்கரெட் சான்ஃபோர்டும் ஆலிவரின் மனைவி மேரி சான்ஃபோர்டும் உடன்பிறந்த சகோதரிகள். உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி பீட்டர் ஆலிவர், ஆண்ட்ரூவின் தம்பி. அதே நீதிமன்றத்தில் இன்னொரு நீதிபதி ஃபாஸ்டர் ஹட்சின்சன், ஆளுநரின் தம்பி. இந்த உறவுகளில் பலவற்றையும் ‘பிரதர் இன் லா’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிற ஆங்கில வரலாற்று நூல்களைப் படிக்கும்போது, யார் யாருக்கு எந்த வழியில் உறவு என்பது மங்கிப் போகிறது. சகலை, சம்பந்தி, மருமகன் என்று முறை பிரித்துச் சொல்லப் பழகிய நமக்கு இந்தச் சங்கிலி எளிதில் விளங்கும். அமெரிக்கப் புரட்சி பாஸ்டனில் ஏன் அவ்வளவு கசப்போடு வெடித்தது என்பதற்கு வரியும் தேயிலையும் காரணங்கள் என்பது தெரிந்ததே. அந்தக் கசப்பு ஒரு மனிதர் மீதும் அவர் வீட்டார் மீதும் ஏன் குவிந்தது என்பதை விளக்க, இந்தச் சங்கிலியைத் தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஹட்சின்சன் 1711 செப்டம்பர் 9 அன்று பாஸ்டனின் வடமுனைப் பகுதியில் பிறந்தார். அவருடைய கொள்ளுத்தாத்தாவின் தாய், புகழ்பெற்ற ஆன் ஹட்சின்சன். சமயக் கருத்து வேறுபாட்டுக்காக விசாரிக்கப்பட்டு, 1638இல் மாசசூசெட்சிலிருந்து நாடு கடத்தப்பட்டவர் அவர். அதிகாரத்தை எதிர்த்த அந்தப் பெண்ணின் வழித்தோன்றல்கள் அடுத்தடுத்த தலைமுறைகளில் அதிகாரத்தின் தூண்களாகவே மாறினார்கள். படைத்தலைவர்களும் வணிகர்களும் ஆளுநர் அவையின் உறுப்பினர்களுமாக இருந்தார்கள். தாமஸ் 12ஆம் வயதில் ஹார்வர்டு கல்லூரியில் சேர்ந்து 1727இல் பட்டம் பெற்றார். படிக்கும்போதே, தந்தை கொடுத்த சில குவிண்டால் உலர்மீனை முதலாக வைத்து வணிகம் தொடங்கி, 21 வயது நிறைவதற்குள் 400, 500 பவுண்டு சேர்த்துவிட்டார். கணக்கில் கறார், நடையில் நிதானம், செலவில் சிக்கனம் என்ற குணங்கள் அப்போதே அமைந்துவிட்டன.

1734இல் ரோட் தீவின் நியூபோர்ட்டைச் சேர்ந்த மார்கரெட்டை மணந்தார். அவரும் ஆன் ஹட்சின்சனின் வழிவந்தவர்தான்; எனவே தூரத்துச் சொந்தம் நெருங்கிய சொந்தமாயிற்று. பிறந்த 12 குழந்தைகளில் ஐவர் மட்டுமே வளர்ந்து ஆளானார்கள்: தாமஸ், சாரா, எலிஷா, வில்லியம், மார்கரெட். பெக்கி என்று வீட்டில் அழைக்கப்பட்ட கடைசி மகளைப் பெற்ற 1754இலேயே மனைவி இறந்துபோனார். ஹட்சின்சன் மறுமணம் செய்துகொள்ளவில்லை. மனைவியின் மற்றொரு சகோதரியான கிரிசெல் திருமணம் ஆகாமல் அந்த வீட்டிலேயே தங்கினார். மனைவி இல்லாத அந்த வீட்டில் பிள்ளைகளைத் தன் சிறகுக்குள்ளேயே வைத்திருந்த தந்தை, பிற்காலத்தில் எடுத்த சில முடிவுகளை அரசியல் கணக்கால் மட்டும் புரிந்துகொள்ள முடியாது.

பொதுவாழ்வு 1737இல் தொடங்கியது. அந்த ஆண்டு பாஸ்டன் நகர நிர்வாகக் குழுவுக்கும் குடியேற்றத்தின் பேரவைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1746 முதல் 1748 வரை பேரவைத் தலைவராக இருந்தார். அவருடைய மிகப் பெரிய சாதனை நாணயச் சீர்திருத்தம். மாசசூசெட்ஸ் அச்சடித்து வெளியிட்ட தாள்பணம் அப்போது மதிப்பிழந்து, ஒரு ஸ்டெர்லிங் பவுண்டுக்குப் பத்துக்கும் மேற்பட்ட உள்ளூர்ப் பவுண்டு கொடுக்க வேண்டிய நிலை இருந்தது. கடன் கொடுத்தவனும், விதவையும், நிலையான சம்பளக்காரனும் நொந்தார்கள். கடன் வாங்கியவன் மகிழ்ந்தான். 1745இல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து லூயிஸ்பர்க் கோட்டையைப் பிடிப்பதற்கு ஆன செலவை ஈடுசெய்ய லண்டன் 1,83,649 பவுண்டு அனுப்ப ஒப்புக்கொண்டபோது, அந்தத் தொகையை வெள்ளி நாணயமாகவே வாங்கி, தாள்பணம் முழுவதையும் திரும்பப் பெற்று ஒழித்துவிடலாம் என்று ஹட்சின்சன் திட்டம் வகுத்தார். 1749இல் 217 பெட்டி ஸ்பானிய வெள்ளி டாலரும் 100 பீப்பாய் செப்புக்காசும் கப்பலில் பாஸ்டனுக்கு வந்து இறங்கின. பொருளாதார நோக்கில் அது சரியான காரியம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் தாள்பணத்தால் உயிர் பிழைத்திருந்த சிறுவணிகர்களும் கைவினைஞர்களும் அதை மன்னிக்கவில்லை. அந்த ஆண்டுத் தேர்தலில் தோற்றார். அந்த நாட்களில் அவர் வீட்டில் தீப்பிடித்தபோது, தெருவில் கூடியவர்களில் சிலர் “எரியட்டும் விடு” என்று கத்தியதாகச் சொல்லப்படுகிறது.

இதற்கு முன்பே, 1740இல், நிலத்தை அடகாகக் கொண்டு பணத்தாள் வெளியிட முயன்ற நில வங்கியையும் அவர் எதிர்த்திருந்தார். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடுத்த ஆண்டு அந்த வங்கியைச் சட்டவிரோதமாக்கியது. அதன் இயக்குநர்களில் ஒருவருடைய சொத்துகள் பல ஆண்டுகள் ஜப்தி நடவடிக்கையில் சிக்கிக்கொண்டன. தந்தை இறந்த பிறகும் அந்த வழக்குகளோடு போராடிய மகனின் பெயர் சாமுவேல் ஆடம்ஸ். பாஸ்டன் புரட்சியின் மூளை என்று சொல்லத்தக்க அவரும் ஹட்சின்சனும் ஒருவரையொருவர் எதிர்த்து நின்றதற்குக் கொள்கை மட்டும் காரணமல்ல. ஒரு வீட்டின் நஷ்டக் கணக்கும் அதில் கலந்திருந்தது.

மக்களின் வாக்கை இழந்தவர் ஆளுநர் அவை வழியாகவும் நியமனங்கள் வழியாகவும் மேலே ஏறினார். 1752இல் உயில், வாரிசுரிமை வழக்குகளைக் கவனிக்கும் நீதிபதி. 1758இல் துணை ஆளுநர். அதோடு துறைமுகத் தீவுக் கோட்டையான காஸில் வில்லியமின் தலைமைப் பொறுப்பு. தலைமை நீதிபதி 1760இல் இறந்தபோது, புதிய ஆளுநர் பிரான்சிஸ் பெர்னார்டு அந்தப் பதவியையும் ஹட்சின்சனிடமே கொடுத்தார். ஹட்சின்சன் முறையாகச் சட்டம் படித்தவர் அல்லர். நீதிபதி பதவி தனக்கு வாக்களிக்கப்பட்டிருந்ததாக நம்பிய மூத்த வழக்கறிஞர் ஜேம்ஸ் ஓடிஸ் ஏமாந்தார். அதே பெயர் கொண்ட அவருடைய மகன் வெகுண்டார். 1761இல், சுங்க அதிகாரிகள் எந்த வீட்டிலும் புகுந்து சோதனையிட உதவும் பொதுவான ஆணைகளை எதிர்த்து இளைய ஓடிஸ் வாதாடியபோது, நீதிபதி இருக்கையில் அமர்ந்திருந்தவர் ஹட்சின்சன்தான். அந்த வாதம் சுதந்திரப் போராட்டத்தின் முதல் பொறி என்று பின்னாளில் போற்றப்பட்டது. அதில் தந்தைக்குக் கிடைக்காத நாற்காலியின் சூடும் இருந்ததா என்ற கேள்வியை அக்காலத்தவரே எழுப்பினார்கள். ஹட்சின்சன் தன் வாழ்நாள் முழுதும் அதற்கு ஆம் என்றே விடை சொன்னார். கொள்கையால் எழுந்த எதிர்ப்பையும் அவர் சொந்தப் பகையாகவே படித்தார் என்பது அவருடைய பெரிய குறை.

ஒரே மனிதர் துணை ஆளுநராகச் சட்டத்தை நிறைவேற்றி, அவை உறுப்பினராக அதை இயற்றி, தலைமை நீதிபதியாக அதற்கு விளக்கமும் சொல்வது முறையா என்ற கேள்வி வலுத்தது. பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாவது குடியரசுத் தலைவரான ஜான் ஆடம்ஸ், அப்போது 29 வயது வழக்கறிஞர், 1765 ஆகஸ்ட் 15 அன்று தன் நாட்குறிப்பில் இந்தக் குடும்பத்தின் பதவிகளை ஒவ்வொன்றாக எண்ணிக் கேள்விகளாக அடுக்கினார்: நான்கு பெரும் பதவிகளைத் தன் கையில் வைத்திருக்கவில்லையா, அவருடைய சகலை குடியேற்றத்தின் செயலர் அல்லவா, அந்தச் செயலரின் தம்பி நீதிபதி அல்லவா என்று நீள்கிறது அந்தப் பட்டியல். இப்படிப்பட்ட குடும்ப ஆட்சி மக்களிடம் பொறாமையை மூட்டாதா என்பது அவருடைய கேள்வி.

அந்த மாதம் பாஸ்டன் கொதித்துக்கொண்டிருந்தது. ஆவணங்கள், செய்தித்தாள்கள் போன்றவற்றுக்கு வரி விதித்த முத்திரைத்தாள் சட்டம் நவம்பரில் நடைமுறைக்கு வரவிருந்தது. முத்திரைத்தாள் விநியோகிப்பவராக நியமிக்கப்பட்டிருந்தவர் ஆண்ட்ரூ ஆலிவர். ஆகஸ்ட் 14 அன்று அவருடைய கொடும்பாவி ஒரு மரத்தில் தொங்கவிடப்பட்டது. மறுநாள் அவர் பதவியை விட்டுவிடுவதாக வாக்களித்தார். ஆகஸ்ட் 26 இரவு கூட்டம் ஹட்சின்சனின் வீட்டை நோக்கித் திரும்பியது. தாய்வழித் தாத்தா ஜான் ஃபாஸ்டர் கட்டிய அந்த மாளிகை நகரத்தின் அழகிய வீடுகளுள் ஒன்று. தந்தை வெளியேறாமல் தானும் வெளியேற மாட்டேன் என்று மூத்த மகள் சாரா பிடிவாதமாக நின்றதால், வீட்டிலேயே இருந்து எதிர்கொள்வது என்ற முடிவைக் கைவிட்டு அவளோடு பக்கத்து வீட்டுக்குச் சென்றதாக அவரே எழுதியிருக்கிறார். அந்தப் பிடிவாதம் அவர் உயிரைக் காப்பாற்றியிருக்கக் கூடும். கூட்டம் கதவுகளைக் கோடரியால் பிளந்து, உள்சுவர்களை இடித்து, கூரையின் மேலிருந்த குவிமாடத்தைச் சாய்க்க மணிக்கணக்கில் உழைத்து, விடியும் வரை கூரையைப் பிய்த்தது. 900 பவுண்டு ரொக்கமும் வெள்ளிப் பாத்திரங்களும் போயின.

அன்றிரவு சேற்றில் எறியப்பட்டவற்றில், அவர் எழுதிக்கொண்டிருந்த மாசசூசெட்ஸ் வரலாற்றின் இரண்டாம் தொகுதியின் கைப்பிரதியும் இருந்தது. முதல் தொகுதி முந்தைய ஆண்டு வெளியாகியிருந்தது. அருகில் வாழ்ந்த ஆண்ட்ரூ எலியட் என்ற போதகர் தெருவில் சிதறிக் கிடந்த தாள்களைப் பொறுக்கிச் சேர்த்துக் கொடுத்தார். அதனால் அந்தத் தொகுதி 1767இல் அச்சேறியது. சேற்றுக் கறை படிந்த அந்தத் தாள்கள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. மறுநாள் காலை நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி தன் அங்கி இல்லாமல், உடுத்தியிருந்ததைத் தவிர வேறு துணி தனக்கு இல்லை என்ற நிலையில் வந்து நின்று, முத்திரைத்தாள் சட்டத்துக்குத் தான் எந்த வகையிலும் துணை நின்றதில்லை என்று படைத்தவன் மேல் ஆணையிட்டார். அவர் சொன்னது உண்மை. அந்தச் சட்டம் வருவதற்கு முன்பே அதற்கு எதிரான வாதங்களை எழுதி லண்டனுக்கு அனுப்பியவர் அவர். ஆனால் அவற்றைப் பொதுவெளியில் சொல்லவில்லை. நாடாளுமன்றத்தின் முடிவு தவறானாலும் அதற்குக் கீழ்ப்படிவதே முறை என்பது அவர் கொள்கை. தெருவில் இருந்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், முத்திரைத்தாள் விற்க இருந்தவர் இவருடைய சகலை என்பதுதான்.

இவ்வளவுக்குப் பிறகு குடும்பத்தின் பிடியைத் தளர்த்தியிருக்கலாம். நடந்தது நேர்மாறு. வெளியே பகை கூடக்கூட, இரண்டு வீடுகளும் தமக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தன. சாரா 1770இல் நீதிபதி பீட்டர் ஆலிவரின் மகனான மருத்துவரை மணந்தார். மூத்த மகன் தாமஸ் 1771இல் ஆண்ட்ரூ ஆலிவரின் மகளை மணந்தார். அதாவது தன் தாயின் சகோதரி பெற்ற பெண்ணை. அக்காள் தங்கை பிள்ளைகள் உடன்பிறப்பு முறை என்று கொள்ளும் தமிழருக்கு இது நெருடும். நியூ இங்கிலாந்தின் மேட்டுக்குடியில் அதற்குத் தடை இருக்கவில்லை. எலிஷா மணந்த மேரி வாட்சனோ பீட்டர் ஆலிவரின் மகள்வயிற்றுப் பேத்தி. சகலை சம்பந்தியானார்; சகலையின் தம்பியும் சம்பந்தியானார்.

பெர்னார்டு 1769இல் இங்கிலாந்து திரும்பியதும் ஆளுநர் பொறுப்பு ஹட்சின்சனிடம் வந்தது. 1770 மார்ச் 5 இரவு பாஸ்டனில் பிரிட்டிஷ் படைவீரர்கள் கூட்டத்தைச் சுட்டதில் ஐவர் மாண்டனர். அந்த இரவில் அரசு மாளிகையின் மேல்மாடத்தில் நின்று, சட்டம் தன் வழியே நடக்கும், சட்டப்படியே வாழ்வேன், சட்டப்படியே சாவேன் என்று அவர் சொன்ன சொல்லுக்குக் கூட்டம் கலைந்தது. அவருடைய பொதுவாழ்வின் மிகச் சிறந்த நேரம் அதுதான். ஆனால் அதே ஆண்டு ஜனவரியில், பிரிட்டிஷ் சரக்குகளைப் புறக்கணிக்கும் வணிகர் உடன்பாட்டை மீறித் தேயிலை விற்ற தன் மகன்கள் தாமஸ், எலிஷா இருவருக்காகவும், வாசலில் திரண்ட கூட்டத்தின் முன் அவர் பணிந்துபோக வேண்டியிருந்தது. ஆட்சியாளராக உறுதியாக நிற்க விரும்பியவரைத் தந்தையாக இருப்பது வளைத்தது. அதை அவர் நெடுங்காலம் எண்ணி வருந்தினார்.

1771இல் முறைப்படி ஆளுநரானார். அடுத்த ஆண்டு முதல் அவருடைய சம்பளத்தைப் பேரவை கொடுக்காமல், சுங்க வருவாயிலிருந்து அரசே கொடுத்தது. அந்த வருவாயில் பெரும்பங்கு தேயிலை வரி. சம்பளம் கொடுக்கும் பேரவைக்கு ஆளுநர் ஓரளவாவது செவிசாய்ப்பார் என்ற பழைய பிடி இதனால் அறுந்தது. 1773 ஜனவரியில் அவர் பேரவையைக் கூட்டி அரசியலமைப்புப் பாடம் நடத்த முனைந்தார். நாடாளுமன்றத்தின் மேலதிகாரத்துக்கும் குடியேற்றங்களின் முழு விடுதலைக்கும் இடையே கோடு கிழிக்க முடியும் என்று தனக்குத் தோன்றவில்லை என்றார். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் மக்கள் பயந்து முதலாவதைத் தேர்வார்கள் என்பது அவர் நினைப்பு. இரண்டாவதைப் பேசுவதற்குத் துணிவில்லாதிருந்தவர்களுக்கு அவரே சொல்லெடுத்துக் கொடுத்தார்.

அந்தக் கோடையில் இன்னொரு இடி. 1767 முதல் 1769 வரை அவரும் ஆண்ட்ரூ ஆலிவரும் லண்டனில் தாமஸ் வாட்லி என்பவருக்கு எழுதிய கடிதங்களை, அங்கிருந்த பெஞ்சமின் பிராங்க்ளின் எவர் வழியாகவோ பெற்றுப் பாஸ்டனுக்கு அனுப்பியிருந்தார். அவை அச்சாகி வெளிவந்தன. ஆங்கிலேயரின் உரிமைகள் எனப்படுபவற்றில் குறைப்பு இருந்தே தீரும் என்று ஹட்சின்சன் எழுதிய ஒரு வாக்கியம் ஊரெங்கும் பரவியது. தொலைதூரக் குடியேற்றம் தாய்நாட்டின் அதே உரிமைகள் அனைத்தையும் அனுபவிக்க இயலாது என்று கவலையோடு சொன்னதாக அவர் விளக்கினார், கேட்க ஆளில்லை. சகலைகள் இருவரையும் பதவிநீக்க வேண்டும் என்று பேரவை மன்னருக்கு மனு அனுப்பியது.

பிறகு தேயிலை. இங்கே நம் மண்ணின் நிழலும் விழுகிறது. ஹைதர் அலி 1769இல் சென்னையின் வாசல் வரை வந்த செய்தி லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்கு விலையைச் சரித்தது. வங்காளப் பஞ்சமும் 1772இன் கடன் நெருக்கடியும் கம்பெனியைத் திவாலின் விளிம்புக்குத் தள்ளின. கிடங்குகளில் குவிந்து கிடந்த சீனத் தேயிலையை அமெரிக்காவில் நேரடியாக விற்க 1773ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. பவுண்டுக்கு 3 பென்ஸ் வரி மட்டும் நீடித்தது. பாஸ்டனில் விற்பனை முகவர்களாகக் கம்பெனி அமர்த்திய சிலரில் தாமஸ், எலிஷா ஹட்சின்சன் சகோதரர்களும் இருந்தார்கள். நியூயார்க்கிலும் பிலடெல்பியாவிலும் முகவர்கள் விலகிக்கொண்டார்கள். தேயிலைக் கப்பல்கள் திரும்பிச் சென்றன. பாஸ்டனில் முகவர்கள் விலகவில்லை. தீவுக் கோட்டைக்குத் தப்பிச் சென்றார்கள். சுங்கம் கட்டாத கப்பலுக்கு வெளியேறும் அனுமதிச் சீட்டுத் தர ஆளுநர் மறுத்தார். சட்டத்தின்படி அவர் செய்தது சரி. 1773 டிசம்பர் 16 அன்று கப்பல் உரிமையாளர்களில் ஒருவரான பிரான்சிஸ் ராட்ச் மில்டன் ஊரில் இருந்த ஆளுநரின் வீட்டுக்குப் போய்க் கடைசியாகக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். அன்றிரவு 342 பெட்டித் தேயிலை துறைமுக நீரில் கொட்டப்பட்டது. முகவர்கள் வேறு யாராவது இருந்து, மறுத்தவர் அவர்களுடைய தந்தையாக இல்லாதிருந்தால், அந்த மறுப்புச் சட்டத்தின் குரலாகக் கேட்டிருக்க வாய்ப்புண்டு. சம்பளம் தேயிலை வரியிலிருந்து, கமிஷன் தேயிலை விற்பனையிலிருந்து என்று இருந்தபோது அது வீட்டுக் கணக்காகவே கேட்டது.

1774 மார்ச்சில் ஆண்ட்ரூ ஆலிவர் இறந்தார். கூட்டத்துக்கு அஞ்சித் தம்பி பீட்டர் அண்ணனின் சவ அடக்கத்துக்குக்கூட வர முடியவில்லை. மே மாதம் தளபதி கேஜ் புதிய ஆளுநராக வந்து இறங்கினார். தேயிலையைக் கொட்டியதற்குத் தண்டனையாகப் பாஸ்டன் துறைமுகம் மூடப்பட்ட அதே ஜூன் 1 அன்று, ஹட்சின்சன் மில்டன் வீட்டிலிருந்து இறங்கி, வழியில் அண்டை அயலாரிடம் கைகுலுக்கி விடைபெற்று, எலிஷாவோடும் பெக்கியோடும் கப்பலேறினார். சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்று நம்பியதால் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனதுபோலவே போனார். கடிதப் பிரதிகளின் ஏடுகளையும் விட்டுச் சென்றார். மறு ஆண்டு போர் மூண்டதும் அவை அந்த வீட்டில் கண்டெடுக்கப்பட்டு, பகுதி பகுதியாகப் பத்திரிகைகளில் வெளியாயின.

லண்டனில் வந்து இறங்கியதும், ஜூலை 1 அன்று, உடை மாற்றக்கூட நேரமின்றி மூன்றாம் ஜார்ஜ் மன்னர்முன் அழைத்துச் செல்லப்பட்டார்; இரண்டு மணி நேர உரையாடலை நாட்குறிப்பில் விரிவாக எழுதி வைத்தார். பரம்பரைப் பட்டம் ஒன்று அளிக்க முன்வந்தபோது, அதற்கேற்ற வசதி தனக்கில்லை என்று மறுத்தார். 1776 ஜூலை 4 அன்று ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவப் பட்டம் வழங்கியது. அதே நாளில் பிலடெல்பியாவில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. விடுதலைப் பிரகடனம் கையில் கிடைத்ததும், அதன் குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாக மறுத்துப் பெயரிடாமல் ஒரு சிறு வெளியீடு எழுதினார்.

பாஸ்டனைப் பிரிட்டிஷ் படை 1776இல் கைவிட்டதும் மற்ற உறவினரும் வந்து சேர, லண்டன் வீடு ஒரு சத்திரம்போல நிரம்பியது. இங்கிலாந்தின் பெரிய பிரபுவின் மாளிகையைவிட நியூ இங்கிலாந்தின் சிறிய பண்ணை வீட்டில் சாவதே மேல் என்று எழுதியவரால் அந்த நகரத்தில் ஒட்ட முடியவில்லை. மாசசூசெட்ஸ் 1778இல் அவருக்கு நாடுகடத்தல் விதித்தது, சொத்துகள் பறிமுதலாயின. 1777 செப்டம்பரில் பெக்கி காசநோயால் இறந்தாள். 1780 பிப்ரவரியில் வில்லியம் இறந்தார். ஜூன் 3 அன்று, லண்டன் தெருக்களில் கத்தோலிக்கருக்கு எதிராகக் கிளம்பிய கார்டன் கலவரக்காரர்கள் வீடுகளைத் தாக்கத் தொடங்கியிருந்த வேளையில், வண்டியில் ஏறப் போன ஹட்சின்சன் சாய்ந்து விழுந்து உயிர்விட்டார். குரோய்டனில் அடக்கம் செய்யப்பட்டார். 1765இன் கலவர இரவில் அவரைவிட்டு அகல மறுத்த சாரா அந்த மாத இறுதிக்குள் இறந்துபோனார். வரலாற்றின் மூன்றாம் தொகுதியை ஒரு பேரன் 1828இல்தான் வெளியிட்டார்.

நெபோன்செட் ஆறும் துறைமுகமும் கண்ணுக்குத் தெரியும் குன்றின்மேல் 1743இல் அவர் கட்டிய மில்டன் வீட்டை 1781இல் புரட்சித் தலைவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வாரன் வாங்கினார். அவருடைய மனைவி மெர்சி, நீதிபதி நாற்காலி கிடைக்காமல் போன மூத்த ஓடிஸின் மகள். ஆளுநரை ‘ரபாஷியோ’ என்ற கொடுங்கோலனாக்கி நையாண்டி நாடகம் எழுதியவர். ஹட்சின்சன் நட்டு வளர்த்த மரங்களின் நிழலில் அவர்கள் 1788 வரை குடியிருந்தார்கள்.